சிற்றுருப் புகையிரதங்களும் நட்புப் போட்டிகளும்

கல்முனைக்குப் புகையிரதம் வந்ததில்லை. 1864 ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிய காலந்தொட்டு இலங்கையின் இருப்புப்பாதை சிறிது சிறிதாகப் பல திசைகளிலும் நீண்டது. 1867 இற் கண்டியை எட்டியது. 1905 இல் வடக்கே காங்கேசன்துறை வரை சென்றது. 1914 இல் தலைமன்னாரைத் தொட்டது. 1928 இல் மட்டக்களப்பை அடைந்தது. கிழக்குக் கரையில் அதன் பயணம் அங்கேயே நின்றுவிட்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக அணிவகுத்திருக்கும் ஊர்கள் தண்டவாளத்தின் தாளத்தைத் தம் மண்ணிற் கேட்டதில்லை. 'கோச்சி'யிற் போக வேண்டுமாயின் கல்முனையார் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே சென்று மட்டக்களப்பு நிலையத்தில் ஏற வேண்டும்.

ஆயினும், ஊருக்கு வராத புகையிரதத்தை வீட்டு மேசையின் மீது வரவழைக்கும் கலை ஒன்று உலகில் உண்டு. மரத்துண்டும் தகரமும் கம்பியும் வண்ணமும் கொண்டு, உண்மை வண்டியைப் போலவே நுட்பமாகச் சிறிய வண்டி செய்து, அதற்கு நிலையமும் பாலமும் மலையும் அமைத்து ஓடவிடும் கலை அது. ஐரோப்பா, அமெரிக்கா, யப்பான் ஆகிய நாடுகளில் இதனைத் தம் ஓய்வு நேரத் தொழிலாகக் கொண்டோர் பெருந்தொகையினர். அவர்கள் கழகங்கள் கண்டனர், கண்காட்சிகள் நடத்தினர், யாருடைய வேலை சிறந்தது எனப் பார்க்கப் போட்டிகளும் வைத்தனர். அப்போட்டிகளின் வரலாறு விளையாட்டின் வரலாறு மட்டுமன்று. பகை கொள்ளாமற் போட்டியிடுவது எவ்வாறு என்பதை மனிதர் சிறுகச் சிறுகக் கற்றுக்கொண்ட வரலாறும் ஆகும்.

சிற்றுரு வேறு, விளையாட்டுப் பொம்மை வேறு. பொம்மைக்குத் தோற்றம் இருந்தாற் போதும். சிற்றுருவுக்கு அளவு வேண்டும். உண்மைப் பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்திற் குறைத்துச் செய்தாலே அது சிற்றுரு எனப்படும். இன்று உலகிற் பெரிதும் வழங்கும் விகிதங்களுள் ஒன்று 87 இல் ஒரு பங்கு. அந்த விகிதத்தில் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட 40 கிலோமீற்றர் வழியை அமைக்க எண்ணினால், அதுவே 460 மீற்றர் நீளமாகிவிடும். எந்த வீட்டில் அத்தனை இடம் உண்டு? ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிந்தெடுக்கும் அறிவு இக்கலையின் உயிராகிறது. இரு நிலையங்களுக்கு இடையே உள்ள பத்து வளைவுகளில் ஒன்றை மட்டும் வைத்து, அந்த ஒன்றைக் கண்டவர் பத்தையும் கண்டதாக உணரும்படி செய்பவனே தேர்ந்தவன்.

இலங்கையரும் இந்தியரும் இக்கலையில் இறங்கினால் வேறொரு சிக்கலும் எழும். கடைகளில் விற்கப்படும் சிறு தண்டவாளங்கள் பெரும்பாலும் 16.5 மில்லிமீற்றர் அகலமுடையவை. அவை 1435 மில்லிமீற்றர் அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளை உளங்கொண்டு செய்யப்பட்டவை. நம்முடைய அகலப் பாதையோ 1676 மில்லிமீற்றர். அதனை 87 ஆற் பிரித்தால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். எனவே நம் நாட்டுப் பாதையை அளவு தவறாமற் செய்ய விரும்புபவன் கடைப் பொருளை நம்பியிருக்க இயலாது. தண்டவாளத்தையும் சில்லையும் தானே அமைத்தல் வேண்டும்.

புகையிரத உலகிற் போட்டி என்பது சிற்றுருக்களோடு தோன்றியதன்று. பெரிய புகையிரதத்துக்கே ஒரு போட்டிதான் வழி திறந்தது. 1829 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்குக் கிழக்கே றெயின்ஹில் என்னும் ஊரில் அது நடைபெற்றது. பருத்தி வந்திறங்கும் துறைமுகமாகிய லிவர்பூலையும், அதனை நூலாகவும் துணியாகவும் மாற்றும் மான்செஸ்டரையும் இணைக்க ஒரு புதிய பாதை அமைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அப்பாதையில் வண்டிகளை இழுக்க எது உகந்தது என்பதிற் பாதைக்குரிய கம்பனியாரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. ஆங்காங்கே நிலையான இயந்திரங்களை நிறுத்திக் கயிறு கொண்டு இழுக்கலாம் என்றனர் சிலர். தானே ஓடும் நீராவி இயந்திரமே போதும் என்றனர் வேறு சிலர். வாதத்தாற் தீராத வழக்கைச் செயலாற் தீர்க்க எண்ணி, 500 பவுண் பரிசு அறிவித்தனர்.

நிபந்தனைகள் தெளிவாக வகுக்கப்பட்டன. இயந்திரம் ஆறு தொன்னுக்கு மேற்படலாகாது. தன் எடையைப் போல் மூன்று மடங்கு சுமையை இழுக்க வேண்டும். மணிக்குப் பத்து மைல் வேகம் குன்றலாகாது. விலை 550 பவுணை மிஞ்சலாகாது. ஏறத்தாழ ஒன்றரை மைல் நீளமுள்ள சமதரைப் பாதையில் திரும்பத் திரும்ப ஓடி, லிவர்பூலிலிருந்து மான்செஸ்டருக்குச் சென்று மீளும் தொலைவை நிறைவு செய்தல் வேண்டும்.

ஐந்து பொறிகள் வந்தன. ஒன்றிற் குதிரையே உள்ளே நின்று நகரும் பட்டையின் மீது நடந்து சில்லைச் சுழற்றியது. அது தொடக்கத்திலேயே விலகியது. 'பெர்சிவரன்ஸ்' என்னும் பொறி போட்டிக்குக் கொண்டுவரப்பட்ட வழியிற் பழுதுற்றது. அதனைச் செப்பனிடுவதில் நாட்கள் கழிந்தன. பின்னர் ஓடியபோதும் வேண்டிய வேகம் வரவில்லை; ஆயினும் முயற்சிக்காக அதற்கு 25 பவுண் வழங்கப்பட்டது. 'நொவெல்ற்றி' என்பது இலேசாகவும் அழகாகவும் இருந்து, விரைந்து ஓடி, கூட்டத்தின் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆனால் அதன் குழாய்கள் நின்று பிடிக்கவில்லை. திமொத்தி ஹக்வேர்த் என்பவரின் 'சான்ஸ் பரெய்ல்' குறித்த எடைக்கு மேற்பட்டிருந்தும் ஓட இடமளிக்கப்பட்டது. ஈற்றில் அதன் உருளை வெடித்து நின்றது. ஜோர்ஜ் ஸ்டீவன்சனும் அவர் மகன் றொபேட்டும் ஹென்றி பூத்தின் ஆலோசனையோடு அமைத்த 'றொக்கற்' மட்டுமே எல்லா ஓட்டங்களையும் முடித்தது. கொதிகலத்தினூடே பல சிறு குழாய்களைச் செலுத்தி, நெருப்பின் வெம்மை நீரை எளிதிற் சேரும்படி செய்ததே அதன் வெற்றிக்குத் தலையாய காரணம்.

இங்கே நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஹக்வேர்த்தின் பொறிக்கான உருளைகள் வார்க்கப்பட்டது எதிராளியாகிய றொபேட் ஸ்டீவன்சனின் தொழிற்சாலையிலேயே. உருளை வெடித்தபோது அதனைச் சுட்டிக் குறைகூறியோரும் இருந்தனர். போட்டியாளன் ஒருவன் மற்றவனுக்குக் கருவி செய்து கொடுக்கும் அளவுக்கு உறவு இருந்தது. தோல்வி வந்தபோது அதே உறவு ஐயத்துக்கும் இடமாயிற்று. நட்புப் போட்டியின் நன்மையும் நெருக்கடியும் ஒருசேர அங்கே தோன்றின. எனினும் தோற்ற பொறி வீணாகவில்லை. கம்பனியாரே அதனை விலைக்கு வாங்கினர். பின்னர் அது வேறொரு பாதையிற் பல ஆண்டுகள் உழைத்தது. வென்றதும் தோற்றதும் கற்பித்தவை ஒன்றாகத் திரண்டே அடுத்த தலைமுறைப் பொறிகள் எழுந்தன. 2002 ஆம் ஆண்டில் இம்மூன்று பொறிகளின் மறுபதிப்புகளை உவேல்சு நாட்டுப் பாதையொன்றில் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தனர். அப்பொழுதும் 'றொக்கற்'றே வென்றது.

பெரிய வண்டிகள் ஊரெங்கும் ஓடத் தொடங்கியதும் சிறுவர் கைகளிற் சிறிய வண்டிகள் வந்தன. ஆனால் ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த பாதையில் ஓடாது. இக்குறையைப் போக்க முனைந்தோருள் முன்னின்றவர்கள் ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார். 1891 இல் லைப்சிக் நகரச் சந்தையில் அவர்கள் பாதையின் அகலத்துக்கு எண்ணிட்டு, வண்டியையும் தண்டவாளத்தையும் ஒரே தொகுதியாக விற்பனைக்கு வைத்தனர். ஒருமுறை வாங்கியதோடு மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போகலாம் என்னும் வழக்கம் அப்போது வேரூன்றியது.

பத்தாண்டு கழித்து, 1901 இல், அதே லிவர்பூல் நகரில், இறைச்சி இறக்குமதி செய்யும் வணிகர் ஒருவரிடம் கணக்கராயிருந்த பிராங்க் ஹோர்ன்பி என்பவர் ஒரு புதுப்பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். சம தூரத்திற் துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியாற் பூட்டியும் கழற்றியும் எதையும் கட்டலாம் என்பதே அதன் கருத்து. முதலில் தம் புதல்வருக்காகச் செய்தது அது. 1907 இல் அதற்கு 'மெக்கானோ' எனப் பெயரிட்டார். 1916 இல் அதற்கெனச் சஞ்சிகையும் தொடங்கினார். மெக்கானோ கொண்டு கட்டிய பாலம், பாரந்தூக்கி, இயந்திரம் முதலியவற்றுக்குப் பரிசுப் போட்டிகள் நடைபெற்றன. தொலைவில் வாழ்ந்த பிள்ளைகளும் தம் படைப்பின் படத்தை அனுப்பிப் போட்டியிட்டனர். 1920 இல் ஹோர்ன்பியின் விசை முறுக்கு வண்டிகளும், 1938 இற் சிறிய அளவிலான 'டப்லோ' வண்டிகளும் வெளிவந்தன.

வளர்ந்தவர்களும் இதனுட் புகுந்தனர். இலண்டனிற் சிற்றுருப் பொறியாளருக்கெனச் சஞ்சிகை ஒன்று 1898 இல் எழுந்தது. அதன் சார்பிற் கண்காட்சியும் போட்டியும் 1907 முதல் நடைபெறலாயின. 1910 இல் இலண்டனிற் சிற்றுருப் புகையிரதக் கழகம் அமைந்தது. அமெரிக்காவில் 1935 ஆம் ஆண்டு மில்வோக்கி நகரில் தேசிய சிற்றுருப் புகையிரதச் சங்கம் பிறந்தது. அச்சங்கத்தின் முதற் கவலை பரிசன்று, பொருத்தம். ஒரு தயாரிப்பாளரின் சில்லு மற்றொருவரின் தண்டவாளத்திற் தடம் புரளாமல் ஓட வேண்டும் என்பதற்காக, பாதை, சில்லு முதலியவற்றின் அளவுகளை அவர்கள் வரையறுத்தனர். பொது அளவு ஏற்பட்ட பின்னரே ஒருவர் வேலையை மற்றவர் வேலையோடு நேர்மையாக ஒப்பிடுதல் இயன்றது. அளவு இல்லாத இடத்திற் போட்டி இல்லை, பூசலே உண்டு.

அச்சங்கத்தார் வகுத்த மதிப்பிடும் முறை கருதத்தக்கது. மொத்தப் புள்ளிகள் 125. கட்டமைப்பின் திறத்துக்கு 40. நுண்ணிய உறுப்புகளுக்கு 20. உண்மைப் பொருளோடு ஒத்திருத்தலுக்கு 25. வண்ணப் பூச்சுக்கும் எழுத்துக்கும் 25. ஆயத்தப் பொருளை வாங்கி ஒட்டாமல் மூலப்பொருளிலிருந்து தானே செய்ததற்கு 15. போட்டியிடுபவர் தம் படைப்போடு, அதனை எவ்வாறு செய்தார் என்பதை விளக்கும் எழுத்தையும் வைக்க வேண்டும். தொழில் இரகசியத்தை மூடிவைத்துப் பரிசு பெறும் வழக்கத்துக்கு இங்கு இடமில்லை. வென்றவரின் வழிமுறையைத் தோற்றவர் படித்து அடுத்த ஆண்டு அதையும் மிஞ்சலாம். தன்னை வெல்லும் வழியைத் தானே எழுதிக் கொடுக்கும் இவ்வேற்பாடே இப்போட்டியை நட்புப் போட்டியாக்குகிறது.

இன்னொரு நயமும் உண்டு. முதலிடம், இரண்டாமிடம் என்னும் வரிசைக்குப் புறம்பாக, 87.5 புள்ளிகளை எட்டிய எந்தப் படைப்புக்கும் தகுதிச் சான்று வழங்கப்படும். அங்கே அயலவனின் வெற்றி தன் தோல்வியாகாது. இருபது பேர் எட்டினால் இருபது பேருக்கும் சான்று உண்டு; ஒருவரும் எட்டாவிடின் ஒருவருக்கும் இல்லை. மனிதனோடு மனிதன் மோதும் போட்டி ஒன்று; மனிதன் நல்ல வேலையின் அளவோடு மோதும் போட்டி மற்றொன்று. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தமை அச்சங்கத்தாரின் நுண்ணறிவைக் காட்டும்.

இவ்வளவு உழைப்பும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு மூன்று வரலாறுகளை விடையாகக் கூறலாம்.

முதலாவது, ஜோன் அலன் என்னும் அமெரிக்கரின் வரலாறு. கலிபோர்னியாவின் மொண்டெரே நகரிற் தம் இல்லத்தின் அடித்தளத்தில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் பாலங்களும் நிறைந்த ஒரு சிற்றுருப் பாதையைப் பல்லாண்டுகளாக அவர் அமைத்துவந்தார். அதன் புகைப்படங்கள் உலகெங்கும் இக்கலைஞருக்கு வழிகாட்டின. 1973 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் காலமானார். சில நாட்களுள் அங்கே தீப்பற்றி அவர் படைப்பின் பெரும்பகுதி அழிந்தது. கைவினை அழியக்கூடியது, ஆயினும் அவர் தம் முறைகளை ஒளிக்காமல் எழுதியும் படம் பிடித்தும் காட்டியிருந்தமையால் அக்கலை அவரோடு அழியவில்லை.

இரண்டாவது, றோய் இங்கிலாந்து என்பவரின் வரலாறு. அவுஸ்திரேலியாவிலிருந்து 1925 இல் இங்கிலாந்து சென்ற அவர், அந்நாட்டுக் கிராமங்களின் பழைய வைக்கோற் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருவதைக் கண்டு வருந்தினார். மறைந்து போவதற்கு முன் அவற்றை அளந்து, 76 இல் ஒரு பங்கு அளவில் அட்டையாலும் வண்ணத்தாலும் மீண்டும் கட்ட முற்பட்டார். அம்முயற்சியின் பயனாக 1954 இற் தொடங்கிய பெண்டன் நூதனசாலையில், 1930 ஆம் ஆண்டுகளின் ஒரு பள்ளத்தாக்கு அதன் வீடுகளோடும் தோட்டங்களோடும் புகையிரதத்தோடும் இன்றும் காட்சியளிக்கிறது.

மூன்றாவது, மாணவர்கள் பற்றியது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946 இல் ஒரு சிற்றுருப் புகையிரதக் கழகம் தோன்றியது. அதன் உறுப்பினருட் சிலர் வண்டியின் அழகைக் காட்டிலும், மேசைக்கு அடியில் அவ்வண்டிகளை ஆளும் மின்கம்பி வலையிலேயே மனம் ஈடுபட்டனர். பின்னர் அக்கழகத்து இளைஞர் பலர் கணினி இயக்கத்தின் முன்னோடிகளாயினர். தண்டவாளத்திற் தடமாற்றக் கற்ற கை, கணினிக்குக் கட்டளை எழுதவும் பயின்றது.

யப்பானியர் இக்கருத்தைப் பாடசாலைக்குக் கொண்டுசென்றனர். 2009 முதல் அங்கே உயர்தரப் பாடசாலைகளுக்கிடையே சிற்றுருப் புகையிரதப் போட்டி நடைபெற்று வருகிறது. ஒவ்வொரு பாடசாலை அணியும் குறித்த அளவுள்ள பலகையில் தன் ஊரையோ தான் விரும்பிய காட்சியையோ அமைக்கிறது. பலகைகளின் ஓரத்திற் தண்டவாளம் வந்து முடியும் இடம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒன்றோடொன்று அவற்றை இணைக்கலாம். தனித்தனியே போட்டியிட வந்த பலகைகள் இணைந்ததும் ஒரே பாதையாகின்றன. ஒரு வண்டி எல்லா ஊர்களையும் கடந்து ஓடுகிறது. போட்டியும் ஒற்றுமையும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடிக் காண்பதரிது.

நம் அயலிலும் இக்கலைக்கு வித்து இல்லாமலில்லை. இந்தியாவின் புனே நகரில் ஜோஷி என்பவர் உருவாக்கிய சிற்றுருப் புகையிரத நூதனசாலை 1998 முதல் மக்களுக்குத் திறந்துள்ளது. இலங்கையிற் கடுகண்ணாவையில், முதல் வண்டி ஓடி 150 ஆண்டு நிறைந்த 2014 டிசம்பரிற் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. உண்மைப் பொருளை அளந்து பார்க்க விரும்பும் மாணவனுக்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

அளந்து காக்கத்தக்கவை தமிழர் கரைகளில் எத்தனையோ உள. 1914 இற் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு வண்டியிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், மீண்டும் வண்டியிற் கொழும்புக்கும் மக்கள் பயணஞ் செய்தனர். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. நிலையத்தை நெருங்கிய வண்டி ஒன்று பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. இன்று அங்கே எஞ்சியிருப்பவை இடிந்த சுவர்களே. நூறாண்டு உழைத்த பழைய பாம்பன் பாலமும் 2022 இல் ஓய்வு பெற்றது. அதன் அருகே புதிய பாலம் 2025 இல் திறக்கப்பட்டது. அந்த நிலையத்தையும் துறையையும் பழைய படங்களின் துணைகொண்டு ஒரு மேசையளவில் மீட்டெடுத்தால், பேரன் பேத்தியர் தம் முன்னோர் ஏறிய வண்டியையும் கப்பலையும் கண்ணாற் காண்பர்.

கல்முனைக் கரைக்கு இது வெறும் உவமையன்று. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலையில் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கடற்கரை வீதிகளையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அதே அலை தெற்கே பெரேலியவில் ஒரு புகையிரதத்தை மூழ்கடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உயிர்களை எவராலும் மீட்க இயலாது. ஆனால் எந்த வளவில் எந்த வீடு இருந்தது, கிணறு எங்கே, தென்னை எத்தனை, தோணி எவ்விடத்தில் இழுத்து வைக்கப்பட்டது, பள்ளிவாசலுக்குச் செல்லும் ஒழுங்கை எப்படி வளைந்தது என்பவை அவ்வூர் மூத்தோர் நெஞ்சில் இன்னும் வாழ்கின்றன. அந்த நெஞ்சங்களும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. றோய் இங்கிலாந்து வைக்கோற் கூரைகளுக்காகக் கொண்ட அவசரம், இக்கரைக்கும் உரியது.

கைத்திறனுக்கு இங்கே பஞ்சமில்லை. மருதமுனையின் கைத்தறித் துணி நாடறிந்தது. ஒரு நூல் பிசகினாற் கரை கோணும் என்றறிந்த நெசவாளிக்கு, அரை மில்லிமீற்றர் பிசகினால் வண்டி தடம் புரளும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வண்ணக் கோலமிட்டுப் பாய் இழைக்கும் பெண்மணிக்கும், பலகை வளைத்துத் தோணி கட்டும் தச்சனுக்கும் அளவும் பொறுமையும் பழகியவையே. வேண்டுவது, பாடசாலைகள் ஒரே அளவுப் பலகையை ஏற்றுக்கொள்ளும் உடன்பாடு ஒன்றே. ஒரு பாடசாலை மருதமுனைத் தறிக்குடிலை அமைக்கட்டும். மற்றொன்று கிட்டங்கியை அண்டிய வாவியையும் வயலையும் அமைக்கட்டும். வேறொன்று சாய்ந்தமருதின் பழைய கடற்கரை வீதியை மூத்தோரைக் கேட்டு அமைக்கட்டும். முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாறி மாறி வரும் இக்கரையில், ஒரு பலகையின் தண்டவாளம் அடுத்த பலகையின் தண்டவாளத்தோடு பொருந்த வேண்டுமாயின், அயலூர்ப் பிள்ளைகள் முதலிற் கூடியிருந்து பேசி அளவைத் தீர்மானித்தல் வேண்டும். பரிசு எவருக்குக் கிடைப்பினும், அப்பேச்சே பெரும் பேறாகும்.

மட்டக்களப்பில் 1928 இல் நின்ற பாதை தெற்கே நீளுமோ, எப்போது நீளுமோ என்பது அரசினர் தீர்மானிக்க வேண்டிய செய்தி. மேசையின் மீது நீளும் பாதைக்கோ அத்தகைய தடை எதுவுமில்லை. பிள்ளைகளின் பலகைகள் வரிசையாகப் பொருந்தும் நாளில், மட்டக்களப்பிலிருந்து புறப்படும் ஒரு சிறு வண்டி மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் நிந்தவூரையும் கடந்து அக்கரைப்பற்றுக்கு வந்து சேரும்.